புழுங்கலரிசி சொல்லித் தரும் பாடம்: கோலாலம்பூரில் முதல் ஆய்வைத் தொடங்குபவர்களுக்கு

"டீச்சர், மலேசியத் தமிழர் வரலாற்றைப் பத்தி ஆய்வு பண்ணப் போறேன்."

தவணை தொடங்கும்போதெல்லாம் இப்படி ஒரு பிள்ளையாவது வந்து நிற்கும். முகத்தில் உற்சாகம், கையில் புது நோட்டு. "சரிம்மா, அதில் உனக்கு என்ன தெரிஞ்சுக்கணும்?" என்று கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. தலைப்பு இருக்கிறது, கேள்வி இல்லை. இந்த இடத்திலேயே பல ஆய்வுகள் நின்றுபோவதைப் பார்த்திருக்கிறேன். கெட்டிக்காரப் பிள்ளைகள்தான். தலைப்பில் இருந்து கேள்விக்கு எப்படி இறங்குவது என்று யாரும் உட்கார்த்திச் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் இருப்பவர்கள், முதுகலைக்கு மனுப்போட நினைப்பவர்கள், தான் பிறந்த தோட்டத்தின் கதையை எழுதி வைக்க விரும்பும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். துறை எதுவானாலும் தொடக்கம் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில், தலைப்பைக் கேள்வியாக்குங்கள்

"தோட்டத் தமிழ்ப்பள்ளிகள்" என்பது தலைப்பு. அதற்கு ஆமாம் என்றோ இல்லை என்றோ யாரும் பதில் சொல்ல முடியாது. இப்படி இறக்கிப் பாருங்கள்: எந்தக் காலம்? 1950கள். எந்த இடம்? சிலாங்கூர். எதைப் பார்த்து? தமிழ் நாளிதழில் வந்த ஆசிரியர் வேலை விளம்பரங்கள். அப்புறம் கேள்வி தானாக வந்துவிடும்: "1950களில் சிலாங்கூர்த் தோட்டப் பள்ளிகளுக்கான விளம்பரங்கள் ஆசிரியரிடம் என்ன தகுதி கேட்டன? பத்தாண்டில் அது மாறியதா?" இதற்குப் பதில் உண்டு. மாறியது என்றும் வரலாம், மாறவில்லை என்றும் வரலாம்.

கடைசி வாக்கியம்தான் முக்கியம். உங்கள் எண்ணம் தவறு என்று காட்டக்கூடியது எது என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தால், உங்கள் கையில் கேள்வி இருக்கிறது. எது கிடைத்தாலும் "நான் சொன்னது சரிதான்" என்று முடியும் வேலையை ஆய்வு என்று நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். நம் பெருமையைப் பற்றிய ஆய்வுகளில் இந்தக் குறை அதிகம். சோழர் படையெடுத்த கடாரத்தை, அதாவது இன்றைய கெடாவைப் பற்றி எழுத வருபவர்கள் பலர் முடிவை எழுதி வைத்துக்கொண்டுதான் கல்வெட்டைத் தேடப் போகிறார்கள். அந்தக் கல்வெட்டுக்கு அது மரியாதை இல்லை.

இந்த ஊரிலேயே நடந்த ஓர் ஆய்வு

எப்படிச் செய்வது என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் எடுத்துக்காட்டு இதே கோலாலம்பூரில் நடந்தது. நம் பாட்டன்மார் சாப்பிட்ட சோறும் அதில் வருகிறது.

நூறாண்டுக்கும் முன்னால் மலாயாவில் பெரிபெரி என்ற நோய் ஆட்டிப்படைத்தது. கால் மரத்துப்போகும், உடம்பு வீங்கும், கடைசியில் இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். தமிழ்த் தொழிலாளர்களிடம் அந்த நோய் அபூர்வம். நெகிரி செம்பிலானில் வேலை பார்த்த பிராடன் என்ற மருத்துவர் இரண்டு கூட்டத்தாரின் அரிசியைக் கவனித்தார். சீனர்கள் சாப்பிட்டது சயாமில் இருந்து வந்த, நன்றாகத் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் சாப்பிட்டது இந்தியாவில் இருந்து வந்த புழுங்கலரிசி. அரிசியில்தான் ஏதோ இருக்கிறது என்றார்.

எல்லோரும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. ஏற்காததிலும் நியாயம் இருந்தது. தமிழருக்கும் சீனருக்கும் சோறு மட்டுமா வேறு? வேலை வேறு, இருப்பிடம் வேறு, குளிக்கும் பழக்கம்கூட வேறு. இதில் எது காரணம் என்று எப்படிப் பிரிப்பது?

கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வேலை பார்த்த மருத்துவர் வில்லியம் ஃபிளெட்சர் 1905 கடைசியில் இதற்கு ஒரு வழி கண்டார். நோயாளிகளைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி எண் கொடுத்தார். ஒற்றைப்படை எண்காரர்களுக்கு ஒரு பக்கத்து வார்டு, வழக்கமான சயாம் வெள்ளை அரிசி. இரட்டைப்படைக்காரர்களுக்கு மறுபக்கத்து வார்டு, புழுங்கலரிசி. மற்ற சாப்பாடு எல்லாம் ஒன்றேதான். யாரை எந்தப் பக்கம் போடுவது என்பதில் மருத்துவரின் விருப்பத்துக்கு இடமே இல்லை. அந்த எண் செய்த வேலையைக் கவனியுங்கள்.

அதோடு அவர் விடவில்லை. "நோய் அரிசியில் இல்லை, அந்த வார்டின் தரையில் இருக்கலாமே?" என்று யாராவது கேட்பார்கள் அல்லவா? ஆண்டின் நடுவில் இரண்டு கூட்டத்தையும் வார்டு மாற்றினார். நோய் இடத்தோடு நிற்கவில்லை, வெள்ளை அரிசிக்காரர்களோடு சேர்ந்து போனது. ஆண்டு முடிவில் வெள்ளை அரிசி சாப்பிட்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்திருந்தார்கள். புழுங்கலரிசி சாப்பிட்டவர்களில் ஒருவர்கூட இறக்கவில்லை.

1907இல் லான்செட் மருத்துவ இதழில் ஃபிளெட்சர் இதை எழுதினார். அதிலும் ஒரு பாடம் இருக்கிறது. அரிசியில் நஞ்சு இருக்கிறதா, சத்துக் குறைகிறதா என்று அவருக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததாக எழுதாமல் இரண்டையும் திறந்தே வைத்தார். பிறகு கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஃபிரேசரும் ஸ்டான்டனும் நெகிரி செம்பிலானில் சாலை போட்ட ஜாவானியத் தொழிலாளர்களிடம் இதையே மறுபடி சோதித்தார்கள், கோழிகளிடமும் சோதித்தார்கள். அரிசியைத் தீட்டும்போது போகும் தவிட்டில்தான் விஷயம் இருக்கிறது என்று தெரிந்தது. இன்று நாம் தயமின் என்கிறோம், வைட்டமின் பி1. நெல்லைப் புழுக்கும்போது அது தவிட்டில் இருந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதற்குப் பிறகு தீட்டினாலும் ஓரளவு தங்கும்.

ஒருவர் கவனித்தார், ஒருவர் பிரித்துச் சோதித்தார், இன்னும் இருவர் வேறு இடத்தில் மறுபடி செய்து பார்த்தார்கள். உங்கள் ஆய்வு இந்த மூன்றில் எந்த இடத்தில் நிற்கிறது என்று முதல் வாரத்திலேயே எழுதி வையுங்கள். மூன்றும் மதிப்புள்ள வேலைதான். மறுபடி செய்து பார்ப்பதைப் பலர் கௌரவக் குறைவாக நினைக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை.

பொருந்தாத ஒன்றைத் தள்ளிவிடாதீர்கள்

1998 கடைசியில் ஈப்போ பக்கம் மூளைக்காய்ச்சல் பரவியது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றார்கள். கொசுமருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நிற்கவில்லை. கொசுவால் வந்தால் பிள்ளைகளுக்குத்தானே அதிகம் வரவேண்டும்? விழுந்தவர்களோ பன்றிப் பண்ணையில் வேலை செய்த வளர்ந்த ஆண்கள். தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். இந்தப் பொருந்தாமையைப் பிடித்துக்கொண்டு 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் சுவா காவ் பிங் ஒரு புதிய வைரஸைக் கண்டார். நெகிரி செம்பிலானின் சுங்கை நீப்பா கிராமத்தின் பெயரால் அது நிபா ஆனது. அந்தப் பரவல் அடங்குவதற்குள் மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் இறந்திருந்தார்கள்.

உங்கள் நோட்டில் ஒரு பக்கத்தை "பொருந்தாதவை" என்று ஒதுக்கி வையுங்கள். இலக்கிய ஆய்வானாலும் சரி.

முன்னால் யார் என்ன செய்தார்கள் என்று பாருங்கள்

கூகுள் ஸ்காலரில் தொடங்கலாம். மருத்துவம், உயிரியல் என்றால் பப்மெட். கணிதம், இயற்பியல் என்றால் ஆர்க்சைவ், அது 1991 முதல் காசில்லாமல் கிடைக்கிறது. மலாயா வரலாறு என்றால் அரச ஆசியவியல் கழகத்தின் மலேசியக் கிளை வெளியிடும் இதழைப் பார்க்காமல் ஓர் அடியும் வைக்காதீர்கள். தமிழியல் என்றால் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் "தமிழ்ப் பேராய்வு". பழைய தமிழ் நூல்களுக்கு மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம்.

மூன்று மொழியிலும் தேடுங்கள், இது நமக்கு இருக்கும் வசதி. "தோட்டம்" என்று தேடிக் கிடைக்காதது "எஸ்டேட்" என்றால் கிடைக்கும், அதிலும் இல்லாதது மலாயில் "லாடாங்" என்றால் கிடைக்கும். பழைய ஆங்கில ஆவணங்களில் நம்மவர்களை "கிளிங்" என்று எழுதியிருப்பார்கள். இன்று அது வசைச்சொல். மனம் கசந்தாலும் அந்தச் சொல்லைப் போட்டுத்தான் தேட வேண்டியிருக்கிறது.

ஒரு கட்டுரையை முதல் வரியில் இருந்து கடைசி வரை ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். சுருக்கம், படங்கள், அட்டவணைகள், முடிவுரை. பயன்படும் என்று தோன்றினால் மட்டும் செய்முறைப் பகுதிக்கு வாருங்கள், அங்கே நிதானமாக உட்காருங்கள். படித்த ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி போதும்: என்ன கேட்டார்கள், எப்படிப் பார்த்தார்கள், என்ன கிடைத்தது, எனக்கு எங்கே சந்தேகம். நான்காவது வரிதான் பின்னால் உங்கள் சொந்தக் கேள்வியாக மாறும்.

ஆவணக் காப்பகத்துக்குப் போகும் முன்

துவாங்கு அப்துல் ஹலிம் சாலையில், நாம் இன்னும் டூத்தா சாலை என்று சொல்லும் அங்கே, தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. சிலாங்கூர்ச் செயலகக் கோப்புகள் 1870களில் இருந்து அங்கே கிடைக்கும். வீட்டிலேயே அவர்களுடைய இணையப் பட்டியலில் தேடி, கோப்பு எண்களைக் குறித்துக்கொண்டு போங்கள். அங்கே போய்த் தேடத் தொடங்கினால் காலைப் பொழுது அதிலேயே போய்விடும். அடையாள அட்டை, பென்சில், நோட்டு கையில் இருக்கட்டும். படம் எடுக்கலாமா, நகல் கிடைக்குமா என்று முகப்பில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயர்கள்தான் பெரிய சிக்கல். ராமசாமி என்ற ஒருவரை மூன்று நாள் தேடியிருக்கிறேன். ஆங்கில எழுத்தர்கள் "சாமி"யைக் கடைசியில் ஒய் போட்டு எழுதுவார்கள், ஐ போட்டு எழுதுவார்கள், நடுவில் டபிள்யூவை நுழைப்பார்கள். எனக்கு வேண்டியவர் ஏ-க்குப் பக்கத்தில் ஒரு டபிள்யூவுடன் இருந்தார். அதே கோப்பில் இரண்டாம் பக்கத்தில் அவர் பெயர் வேறு மாதிரி. அப்போதிருந்து ஒரு பெயரைத் தேடும் முன் அதன் எழுத்துக்கூட்டல்களை ஒரு தாளில் பட்டியல் போட்டுவிடுகிறேன், எட்டு பத்தாவது வரும்.

இன்னொன்று, இது என் தவறு. முதல் ஆண்டில் நல்ல நல்ல செய்திகளாக எழுதி வைத்தேன், கோப்பு எண்ணை எழுதவில்லை. ஆறு மாதம் கழித்து ஆய்வேட்டில் சேர்க்கும்போது ஒன்றையும் எங்கே பார்த்தேன் என்று காட்ட முடியவில்லை. பாதியை வெட்டி எறிய வேண்டியதாயிற்று. எனவே பக்கத்தின் உச்சியில் முதலில் கோப்பு எண், தேதி, பக்க எண். பிறகுதான் செய்தி.

துன் ரசாக் சாலைத் தேசிய நூலகத்தையும் மறக்காதீர்கள். பழைய ஆங்கில நாளிதழ்களுக்குச் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் இணையத்தளம் பெரிய துணை, மலாயாச் செய்திகள் அதில் குவிந்து கிடக்கின்றன. 1924 முதல் 2019 வரை வந்த தமிழ் நேசனைத் தேடுபவர்கள் எந்த நூலகத்தில் எந்த ஆண்டு இருக்கிறது என்று முதலில் தொலைபேசியில் கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது.

அறிவியல் பக்கம் போகிறவர்கள் மலாயாப் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் ரிம்பா இல்மு தாவரத் தோட்டத்தையும், கெப்போங்கில் உள்ள வன ஆய்வுக் கழகத்தையும் ஒரு முறை நடந்து பார்த்துவிட்டு வாருங்கள். பறவை, செடி, பூச்சி என்று ஆர்வம் உள்ளவர்களுக்கு 1940இல் தொடங்கிய மலேசிய இயற்கைக் கழகம் நல்ல வாசல்.

கணிதக்காரர்களுக்குத் தனியாக

இங்கே விதி வேறு. ஓர் எண்ணை அதனாலேயே பெருக்குங்கள், அதோடு அந்த எண்ணையும் 41ஐயும் கூட்டுங்கள். 0 போட்டால் 41. 1 போட்டால் 43. 2 போட்டால் 47. 3 போட்டால் 53. எல்லாம் பகா எண்கள். 10 போட்டால் 151, அதுவும் பகா எண். இப்படியே 39 வரை போகும், 40 தடவை தொடர்ந்து பகா எண்தான் வரும். ஃபிளெட்சராக இருந்தால் இந்த அளவில் எழுதி அனுப்பியிருப்பார். 40ஐப் போடுங்கள்: 1681. அது 41ஐ 41ஆல் பெருக்கினால் வருவது.

கணிதத்தில் ஆயிரம் எடுத்துக்காட்டும் நிறுவல் ஆகாது, ஒரே ஓர் எதிர்க்காட்டு போதும் மொத்தத்தையும் சாய்க்க. ஆகவே சிறிய எண்களில் கையால் போட்டுப் பாருங்கள், வடிவம் தெரிகிறதா என்று கவனியுங்கள், தெரிந்ததும் அதை உடைக்க முயலுங்கள். உடைக்க முடியாமல் தோற்கும்போது, ஏன் உடையவில்லை என்ற இடத்தில் நிறுவலுக்கு வழி கிடைக்கும்.

வழிகாட்டியைத் தேடுவது

பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதும்போது "உங்கள் கீழ் ஆய்வு செய்ய ஆசை" என்று மட்டும் எழுதாதீர்கள். அவருடைய ஒரு கட்டுரையைப் படித்து, அதில் எந்த இடம் உங்களை நிறுத்தியது என்று இரண்டு வரி, உங்கள் கேள்வி ஒரு வரி, இதுவரை என்ன பார்த்தீர்கள் என்பது மூன்று வரி. 1913இல் ராமானுஜன் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியபோது தன் ஏழ்மையைச் சொன்னதோடு நிற்கவில்லை, பக்கம் பக்கமாகத் தேற்றங்களை வைத்து அனுப்பினார். அதற்கு முன் கேம்பிரிட்ஜில் வேறு இருவருக்கு எழுதிப் பயனில்லை. பதில் வராவிட்டால் இரண்டு வாரம் பொறுத்து ஒரு முறை நினைவூட்டுங்கள், பிறகு அடுத்தவருக்கு எழுதுங்கள்.

அனுமதி

ஃபிளெட்சரின் ஆய்வை இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது. அந்த நோயாளிகளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் அவர்கள் நிலையில் மறுக்க முடியுமா? அந்த 18 பேரை நினைக்காமல் நான் இந்தக் கதையைச் சொல்வதில்லை.

மனிதர்களிடம் பேட்டி எடுப்பதானாலும் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். சுகாதார அமைச்சின் மருத்துவமனை என்றால் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்து, அமைச்சின் குழுவிடம் போக வேண்டும். ஓராங் அஸ்லி பழங்குடியினரின் கிராமங்களுக்கு, அவர்களுக்கான அரசுத் துறையான ஜக்கோவாவின் அனுமதி. சபா, சரவாக் தனி. மாதக்கணக்கில் இழுக்கும், முதலிலேயே மனுப்போடுங்கள்.

எந்த மொழியில் எழுதுவது

1966இல் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டிய தனிநாயகம் அடிகள், அதற்கு முன்பே தமிழைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு காலாண்டிதழ் நடத்தினார். தமிழ் தெரியாதவர்களுக்கும் தமிழைக் காட்ட வேண்டும் என்று நினைத்தார். யார் படிக்க வேண்டும் என்பதைப் பொறுத்து மொழியைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் முதல் வரைவை நீங்கள் சிந்திக்கும் மொழியில் எழுதுங்கள்.

"ஒரே வாரத்தில் வெளியிடுகிறோம், பணத்தை அனுப்புங்கள்" என்று வரும் இதழ்களை நம்ப வேண்டாம். ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் உண்மையில் அந்தத் துறையினரா, ஸ்கோபஸ் என்ற உலக ஆய்விதழ்ப் பட்டியலிலோ நம் நாட்டுப் பட்டியலான மைஜுர்னலிலோ இதழ் இருக்கிறதா என்று பாருங்கள்.

வாய்மொழியாகத் திரட்டுபவர்களுக்கு

கடைசியாக, பாட்டி தாத்தாக்களிடம் பேசப் போகிறவர்களுக்கு. ஒரு முறை பால்மரம் வெட்டிய, அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்த ஒரு பாட்டியிடம் "அப்போது உங்கள் வருமானம் எவ்வளவு?" என்று கேட்டேன். "ஞாபகம் இல்லையே கண்ணு" என்றார். அப்புறம் "பெரட்டு எத்தனை மணிக்குப் பாட்டி?" என்று கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெரட்டு என்றால் விடிகாலையில் தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்பது. இருட்டில் பெரட்டுக்குப் போனது, பால் வடியும் கிண்ணமான மங்கைத் துடைத்தது, மழை வந்தால் பால் கெட்டு நாள் வீணானது என்று ஒரு மணி நேரம் பேசினார். வருமானக் கணக்கும் அதற்குள்ளேயே வந்தது, மரத்திலும் மங்கிலும் உறைந்து ஒட்டிக்கொள்ளும் ஒட்டுப்பாலுக்குத் தனியாக என்ன கொடுத்தார்கள் என்பது உட்பட. அவர்களுடைய சொல்லில் கேளுங்கள்.

கையெழுத்துப் போடப் பயப்படுவார்கள். சம்மதத் தாளைத் தமிழில் வாசித்துக் காட்டி, குரல் பதிவில் சம்மதம் வாங்கலாமா என்று உங்கள் குழுவிடம் முன்பே கேட்டு வையுங்கள். வேண்டாம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

எழுதி முடித்ததும் திரும்பிப் போய் அவர்களுக்கே வாசித்துக் காட்டுங்கள். அந்தப் பாட்டிக்கு நான் வாசித்தபோது ஒட்டுப்பாலை வாளியில் சேர்த்தார்கள் என்று எழுதியிருந்தேன். "வாளியில பால்தான்மா ஊத்துவோம். ஒட்டுப்பாலு சாக்குல" என்றார். நோட்டை எடுத்து அங்கேயே அடித்துத் திருத்திவிட்டு, அடுத்த பக்கத்தை வாசித்தேன்.